இரண்டு மேட்டுத் தெரு

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நேற்று மாவட்ட மன்றக் கூடத்தில் நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் கூட்டம் முடிந்ததும் மன்றத் தலைவர் எங்களை வாசலிலேயே மறித்து, “இனிமே மசோதா விஷயமா எந்த அதிகாரியும் உறுப்பினர்கள்கிட்ட வாயால பேசக்கூடாது, எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். அவரை அப்படிச் சொல்ல வைத்தது நம் இருவருடைய வாய்தான். உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் உதவியாளர் பிரித்துப் படிப்பார், அதனால் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்து என் மகள் கேட்டால், ஏதோ இன்ஷூரன்ஸ் காகிதம் என்று சொல்லிவிடுங்கள்.

சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால் வருடா வருடம் மாவட்ட அதிகாரிகளும் நீங்கள் மூன்று சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வரப்போகும் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறோம். சாலைப் பொறியாளர் பாலத்தைப் பற்றிப் பேசுவார், பதிவாளர் சான்றிதழ்களைப் பற்றிப் பேசுவார், நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். நேற்று என் முறை. மாவட்டங்களில் இருக்கும் அவசர அழைப்பு அறைகளையெல்லாம் மூடிவிட்டு, தலைநகரத்தில் ஒரே மையமாக வைக்கப்போகும் மசோதா. நான் நம் மாவட்டத்து அறையை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். ஆம்புலன்ஸ் கேட்டு இங்கே யார் கூப்பிட்டாலும், என்னிடம் வேலை செய்யும் பதினோரு பேரில் ஒருவர் காதில்தான் அந்தக் குரல் முதலில் விழும். நான்கு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தேன். இரண்டாவது பக்கம் தாண்டவில்லை. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “நாற்காலி போயிடுமேன்னு பயப்படறவங்க பேச்சைக் கேட்டுட்டு சட்டம் போட முடியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். சாலைப் பொறியாளர்கூடச் சிரித்தார். அவர் பாலம் உங்கள் கையில் இருக்கிறது, பாவம்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். என் நாற்காலி எப்படியும் போகத்தான் போகிறது. நீங்கள் சம்பந்தி என்பதற்காக உங்களிடம் ஒருநாளும் சலுகை கேட்டதில்லை. அந்த உறவுக்காவது மிச்ச இரண்டு பக்கத்தைப் படிக்க விட்டிருக்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரண்டு மணி நேரம் எங்கள் அறையில் வந்து உட்காருங்கள். அதற்குப் பிறகு மூடவேண்டும் என்று தோன்றினால் மூடுங்கள். பிள்ளைகளிடம் இதைப் பற்றி நான் எதுவும் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜனவரி 15

சம்பந்திக்கு,

எனக்கு உங்க ஆபீஸ் தமிழ் வராது. மேடையில பேசறதுக்கே ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும். அதனால பேசற மாதிரியே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

அன்னைக்கு சொன்னது வாய் தவறி வந்ததுன்னு சொல்லி மன்னிப்பு கேட்கலாம்னுதான் பேனாவை எடுத்தேன். ஆனா வாய் தவறலை. வேணும்னேதான் சொன்னேன். பக்கத்துல எங்க கட்சி ஆளுங்க ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. சம்பந்திங்கறதால இந்தம்மா வழவழன்னு பேசறாங்கன்னு நாளைக்கு சொல்லக்கூடாதுல்ல? சிரிப்பு வரும்னு எதிர்பார்க்கலை. அதுக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க.

ஆனா மசோதாவுக்கு நான் கை தூக்கறதுக்குக் காரணம் கட்சி இல்லை. அந்த தையல்காரம்மா. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன் மாசம், மேட்டுத் தெருவுல தையல் கடை வச்சிருந்தாங்களே. பட்டப்பகல்ல நெஞ்சு வலின்னு அவங்களே உங்க அறைக்குக் கூப்பிட்டாங்க. ஆம்புலன்ஸ் பத்தொன்பது நிமிஷம் கழிச்சு வந்துது, அதுவும் முதல்ல வேற தெருவுக்குப் போயிட்டு. வரும்போது அவங்க தையல் மெஷின் மேலயே தலை சாஞ்சு கிடந்தாங்க. மறுநாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அவங்க புருஷன் பஸ் டிப்போவுல மெக்கானிக். என் கையைப் புடிச்சுக்கிட்டு, “எதனால லேட்டாச்சு, அதை மட்டும் சொல்லுங்கம்மா”ன்னு கேட்டாரு. உங்க விசாரணை அறிக்கையைப் பாத்துட்டு வந்து நான் சொன்னேன், “தொழில்நுட்பக் கோளாறு”ன்னு. அந்த மனுஷன் என்னைப் பாத்த பார்வை இருக்கே, இன்னும் எனக்கு முதுகுல குத்துது.

மெஷின் பழசா இருந்தா புதுசு வாங்கணும், அறை சரியில்லைன்னா மாத்தணும். இதுதான் என் கணக்கு. இதுல தப்பு எங்கே?

அப்புறம் ஒண்ணு. தொழில்நுட்பக் கோளாறுன்னா என்ன கோளாறு? அறிக்கையில அந்த ஒரு வார்த்தைக்கு மேல எதுவும் இல்லையே.

உங்க அறைக்கு வரேன்.

சம்பந்தி


ஜனவரி 24

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வர ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வசதியாக இருக்கும். அந்த நேரத்தில்தான் அழைப்புகள் அதிகம்.

நீங்கள் கேட்ட சம்பவம் முறைப்படி விசாரிக்கப்பட்டு, மாவட்ட மன்றத்தின் ஒப்புதலோடு கோப்பு மூடப்பட்டது. மேற்கொண்டு சேர்ப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் ஒத்திகை. ஏழு நாளைக்கு நம் மாவட்டத்து அழைப்புகள் எல்லாம் நேராகத் தலைநகரத்துக்குப் போகும். எங்கள் ஆட்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கலாம், ஆனால் பேசக்கூடாது. எழுத்தில் உத்தரவு வந்திருக்கிறது. பதினைந்து வருடமாகப் பேசியே பிழைத்தவர்களை வாயைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள்.

என் மகளுக்கு இருமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கவனித்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


பிப்ரவரி 1

சம்பந்திக்கு,

உங்க அறைக்கு வந்துட்டுப் போனதுல இருந்து என் காதுல மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு மணி நேரம்னு சொன்னீங்க, நாலு மணி நேரம் உட்கார்ந்துட்டேன். என் உதவியாளர் வெளியில நின்னு வாட்ச்சைப் பாத்துப் பாத்து ஓஞ்சு போயிட்டாரு.

ஜன்னல் இல்லாத அந்த அறையில ஆறு பேர் உட்கார்ந்து ஊரையே காதால பாக்கறீங்க. அதுவும் அந்த ஓரத்து சீட்டு அம்மா, நீங்க எல்லாரும் ரேடியோ அக்கான்னு கூப்பிடறீங்களே! ஒரு பெரியவர் போன்ல, “எங்க வீடு சின்ன டேங்குக்குப் பின்னாடி, மஞ்சள் கேட்டு”ன்னு மட்டும் சொன்னாரு. இவங்க உடனே, “மாமா, மஞ்சள் கேட்டு ரெண்டு வீட்டுல இருக்கு. உங்க கேட்டுக்கு எதுத்தாப்புல டயர் கடையா, பள்ளிக்கூடமா?”ன்னாங்க. நான் அசந்துட்டேன். எந்த கம்ப்யூட்டருக்கு இது தெரியும்?

அதனால மனசு கொஞ்சம் ஆடிப் போச்சு, ஒத்துக்கறேன். உங்ககிட்ட மறைக்கலை, கட்சிக் கொறடா எனக்கு ஒரு ஆசை காட்டியிருக்காரு. மசோதா சிக்கல் இல்லாம நான் உறுப்பினரா இருக்கற சட்டமன்றக் கமிட்டியைத் தாண்டிட்டா, அடுத்த வருஷம் அந்தக் கமிட்டிக்கு நான்தான் தலைவர். பன்னெண்டு வருஷமா பின் வரிசையில உட்கார்ந்து மேஜையைத் தட்டினவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனா கிளம்பும்போது ஒண்ணு நடந்துது. ரேடியோ அக்காகிட்ட, “அந்த தையல்காரம்மா கூப்பிட்ட அன்னைக்கு நீங்க இருந்தீங்களா?”ன்னு கேட்டேன். அவங்க ஹெட்போனைக் கழட்டவே இல்லை. அந்த நேரம் லைன்ல யாரும் இல்லை, எனக்குத் தெரியும். திரையைப் பாத்துக்கிட்டே, “அதை ஆபீசரைக் கேளுங்கம்மா”ன்னாங்க. அவ்வளவு பேசற வாயி அதோட மூடிக்கிச்சு.

ஆபீசரைத்தான் கேக்கறேன். என்ன நடந்துது?

இருமல் தேவலை. “அப்பா ஏன் மூணு வாரமா வரலை, உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?”ன்னு உங்க பொண்ணு கேட்டா. ஆபீஸ் வேலைன்னு சமாளிச்சேன். நான் பொய் சொன்னா அவ மூக்கை ஒரு மாதிரி சுளிக்கறா, கவனிச்சிருக்கீங்களா?

சம்பந்தி


பிப்ரவரி 12

சம்பந்தியம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் கோபம்.

ஒத்திகையின் ஐந்தாம் நாள், காலை பதினொன்றே கால். லாரி ஒன்று கவிழ்ந்து டிரைவரின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. கிளீனர் போன் செய்தார். “பழைய ஐஸ் பேக்டரி வளைவுல, சீக்கிரம் வாங்க, ரத்தம் நிக்க மாட்டேங்குது!” தலைநகரத்தில் எடுத்தவர் நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். ஆனால் அந்த ஐஸ் பேக்டரியை இடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது. வரைபடத்தில் இல்லை. “சார், அந்தப் பேர்ல எந்த இடமும் காட்டலை, பக்கத்துல வேற கட்டடம் ஏதாவது இருக்கா?” என்று கேட்கிறார். “கட்டடமா? சுத்தி வயல்தான் இருக்கு!” என்று கிளீனர் அழுகிறார். மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அதே பதில். ஆறு நிமிடம். இங்கே என் ஆட்கள் ஆறு பேரும் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அந்த வளைவு தெரியும். வாயைத் திறக்க உத்தரவு இல்லை. நான் தலைநகரத்து மேற்பார்வையாளருக்கு இன்னொரு லைனில் அடிக்கிறேன், அவர் எடுக்கவில்லை.

ரேடியோ அக்காதான் மைக் பொத்தானை அமுக்கினார். “தம்பி, நான் இங்கேருந்து பேசறேன். உன் இடது பக்கம் சிமெண்ட் திட்டு ஒண்ணு தெரியுதா? தெரியுதுல்ல? சரி, வண்டி வருது, துணியைக் கிழிச்சு காயத்துக்கு மேல தொடையில இறுக்கிக் கட்டு.” வண்டி ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. டிரைவர் பிழைத்துவிட்டார். கால் போய்விட்டது. இன்னும் பத்து நிமிடம் ஆகியிருந்தால் ஆளே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நேற்று தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. பாராட்டு இல்லை. ஒத்திகை விதியை மீறியதற்காக அந்த அம்மா மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

நீங்கள் சட்டம் போடுகிறவர். இதற்கு என்ன சட்டம் என்று சொல்லுங்கள்.

சம்பந்தி


பிப்ரவரி 17

சம்பந்திக்கு,

படிச்சேன். மூணு தடவை படிச்சேன். அந்த லாரி விஷயத்தை நானே கமிட்டியில எழுப்பப் போறேன். கொறடா முகம் சுருங்கினா சுருங்கட்டும்.

மார்ச் அஞ்சாம் தேதி கமிட்டி, மாவட்ட அதிகாரிகளைக் கூப்பிட்டு சாட்சியம் கேக்குது. உங்க பேரைக் கொடுத்திருக்கேன். நீங்க வந்து இதைச் சொன்னா, மசோதாவை இப்படியே தாண்ட விடமாட்டாங்க.

ஆனா ஒரு சிக்கல். கமிட்டித் தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நேத்து அவர் மேஜையில ஒரு கோப்பைப் பாத்தேன். மேல எழுதியிருந்தது மேட்டுத் தெரு. நீங்க உங்க ஆளுங்க பெருமையைச் சொல்லி முடிச்சதும், அவர் அதைப் பிரிப்பாரு. “அப்போ இது என்ன?”ம்பாரு. நீங்க “தொழில்நுட்பக் கோளாறு”ன்னு சொன்னா, எந்த மெஷின், யார் ரிப்பேர் பண்ணாங்க, ரசீது எங்கேன்னு நோண்டுவாரு. சாட்சியம் சத்தியப் பிரமாணத்து மேல, ஞாபகம் வச்சுக்குங்க.

நான் ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் நழுவினீங்க. இது மூணாவது தடவை. நான் அதிகாரியைக் கேக்கலை, உறுப்பினராவும் கேக்கலை. எனக்காவது முன்னாடியே சொல்லிடுங்க. இல்லைன்னா அங்க எல்லாரும் பாக்க நானே கேக்க வேண்டி வரும். உங்க பொண்ணு அதை டிவியில பாப்பா.

சம்பந்தி


பிப்ரவரி 21

சம்பந்தியம்மாவுக்கு,

நான்கு நாளாக இந்தக் காகிதம் மேஜைமேல் இருக்கிறது.

எந்த மெஷினும் கெடவில்லை. அன்றைக்கு அந்த அழைப்பை எடுத்தவன் நான்.

இரண்டு பேர் காய்ச்சல் என்று வரவில்லை. ஆபீசர் போய் அழைப்பு எடுக்கிற சீட்டில் உட்கார்ந்தால் கௌரவம் குறைந்துவிடுமா என்று நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எட்டு வருடம் கழித்து. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அம்மா, “மேட்டுத் தெரு” என்றார். நம் மாவட்டத்தில் மேட்டுத் தெரு இரண்டு இருக்கிறது. வடக்கே ஒன்று, டிப்போ பக்கம் ஒன்று. புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, இடத்தின் பெயரைக் கேட்டதும் இரண்டாவது கேள்வி கேள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் ஊர் தெரியுமே. வாரத்துக்கு நான்கு அழைப்பு வடக்கு மேட்டுத் தெருவிலிருந்துதான் வரும். வண்டியை வடக்கே அனுப்பினேன்.

பக்கத்து சீட்டில் ரேடியோ அக்கா இருந்தார். வண்டி திரும்பிய பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அறிக்கையை நான்தான் எழுதினேன். “தொழில்நுட்பக் கோளாறு.” அழைப்பை எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், “பணியில் இருந்தவர்” என்று எழுதினேன். ஒலிப்பதிவை யாரும் கேட்டு வாங்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். என் மகளின் கல்யாணத்துக்கு அப்போது இருபது நாள் இருந்தது. உங்கள் வீட்டுக் கல்யாணம். தாயில்லாத பெண். அவள் அப்பன் ஒரு உயிர் போகக் காரணமானவன் என்று பத்திரிகையில் வந்தால், அதுவும் உங்கள் தொகுதியில், அந்தக் கல்யாணம் என்ன ஆகியிருக்கும்? அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை வைத்து நீங்கள் என்ன செய்தாலும் சரி.

சம்பந்தி என்று கையெழுத்துப் போட இன்று மனம் வரவில்லை.


பிப்ரவரி 24

என்ன எழுதறதுன்னே தெரியலை.

அந்த மெக்கானிக் என் கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டாரு. நான் சொன்னேன், கோளாறுன்னு. உங்க பொய்யை என் வாயால சொல்ல வச்சிட்டீங்க. ஒண்ணரை வருஷமா, அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம், பாழாப்போன மெஷின்னு திட்டிக்கிட்டே போனேன். அந்த மெஷினை ஒழிக்கணும்னுதான் இந்த மசோதாவையே தூக்கிப் புடிச்சேன். அது எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து டீ குடிச்சுட்டுப் போயிருக்கு!

கடிதத்தை யார்கிட்டயும் காட்ட மாட்டேன். பீரோவுல வச்சு பூட்டியிருக்கேன். பையன்கிட்டயும் சொல்லலை, உங்க பொண்ணுகிட்டயும் சொல்லலை. அது என் வேலை இல்லை. உங்க வேலை.

உங்க பேரை சாட்சிப் பட்டியல்ல இருந்து எடுக்கணும்னா எடுத்துடறேன். உடம்பு சரியில்லைன்னு ஒரு வரி போதும், யாரும் கேக்க மாட்டாங்க. மசோதா தாண்டிப் போயிடும், அறையை மூடுவாங்க, ரேடியோ அக்காவை வீட்டுக்கு அனுப்புவாங்க, உங்க கோப்பு அப்படியே மூடியே கிடக்கும். இல்லை, வரணும்னா வாங்க. வந்தா முழுசா வாங்க. பாதியை வீட்டுல வச்சுட்டு வராதீங்க.

ரெண்டுல ஒண்ணு. ஒண்ணாம் தேதிக்குள்ள சொல்லுங்க.


பிப்ரவரி 28

சம்பந்தியம்மாவுக்கு,

வருகிறேன். பெயரை எடுக்க வேண்டாம்.

கமிட்டி கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது. நேற்று மாலை நான்கு மணிக்கு டிப்போ வாசலில் போய் நின்றேன். அந்த மெக்கானிக் வேலை முடிந்து கைகழுவிக்கொண்டு வெளியே வந்தார். நான் யார் என்று சொன்னேன். “வீட்டுக்கு வாங்க, ரோட்டுல நின்னு பேசவேணாம்” என்றார்.

கடையாக இருந்த முன்னறையில் இப்போது தையல் மெஷின் இல்லை. அந்த இடத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தெரு, நான் கேட்காத கேள்வி, நான் எழுதிய அறிக்கை. அவர் குறுக்கே பேசவே இல்லை. கத்துவார், அடிப்பார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் முடித்ததும் கேட்டார். “அவ என்ன பேசினா? போன்ல?”

நான் சொன்னேன். நெஞ்சு வலிக்கிறது என்றார், மேட்டுத் தெரு என்றார். அப்புறம், “கடை திறந்துதான் இருக்கு, தட்டவேணாம், நேரா உள்ள வரச் சொல்லுங்க” என்றார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் அசைந்தது. திரும்பாமலே, “இதைச் சொல்ல ஒண்ணரை வருஷம் ஆச்சா சார் உங்களுக்கு?” என்று கேட்டார். “கிளம்புங்க” என்றார். கிளம்பினேன். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவர் கொடுக்கவில்லை.

ஐந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். உங்கள் காரை அனுப்ப வேண்டாம்.

சம்பந்தி


மார்ச் 14

சம்பந்திக்கு,

அன்னைக்கு கமிட்டி அறையை விட்டு நீங்க வெளியில போனதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கு முழுசா தெரியாது. பத்திரிகைக்காரங்க உங்களைச் சுத்திக்கிட்டாங்க, மறுநாளே மாவட்ட மன்றத்துல உங்களை இடைநீக்கம் பண்ணிட்டாங்க. அதனால நானே எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. தலைவர் கோப்பைத் தொடறதுக்கு முன்னாடியே நீங்க ஆரம்பிச்சீங்களே, “லாரி விஷயத்துக்கு முன்னால என் தப்பைச் சொல்றேன்”னு, அதை நான் எதிர்பார்க்கலை. லாரி விஷயத்தையும் சொல்லி முடிச்சீங்க. அப்புறம் தலைவர் கேட்டாரு, “ஊர் தெரிஞ்ச நீங்களே இப்படிப் பண்ணியிருக்கீங்க. அப்போ அந்த அறையை எதுக்கு வச்சுக்கணும்?” நீங்க சொன்னீங்க, “ஊர் தெரிஞ்சவன் தப்பு பண்ணினா, அது ஒரு ஆளோட தப்பு. அந்த ஆளை மாத்தலாம். ஊரே தெரியாத அறையில நீங்க யாரை மாத்துவீங்க?” தலைவர் பேனாவை மூடி வச்சாரு. பன்னெண்டு வருஷத்துல அவர் பேனா மூடினதை நான் பாத்ததில்லை.

கடைசி வரிசையில அந்த மெக்கானிக் உட்கார்ந்திருந்தாரு. நீங்க பாத்தீங்களான்னு தெரியலை. யாரும் கூப்பிடலை, அவரா வந்திருந்தாரு. வெளியில போகும்போது என்கிட்ட, “இப்போதான்மா எனக்கு பதில் கிடைச்சுது”ன்னாரு. சந்தோஷமா சொல்லலை. ஆனா கையைப் புடிச்சுட்டுத்தான் போனாரு.

நான் ஒரு திருத்தம் கொண்டு வந்தேன். தலைநகரத்துல மையம் இருக்கட்டும், ஆனா மாவட்டத்து அறையை மூடக்கூடாது, உள்ளூர் ஆளு எந்த அழைப்புலயும் குறுக்க பேசலாம், ஒரு தப்பு நடந்தா ஒலிப்பதிவை வெளி ஆள்தான் கேட்டு அறிக்கை எழுதணும். கொறடா நடையில நிறுத்தி, “அம்மா, இதுல கை தூக்கினா தலைவர் பதவியை மறந்துடுங்க”ன்னாரு. “மறந்து ரொம்ப நாளாச்சு”ன்னேன். பொய்தான். மறக்கலை. கமிட்டியில தோத்துட்டோம், ஒரே ஓட்டுல. அதோட விடலை. சபையில மறுபடியும் எழுப்பினேன். நேத்து ஓட்டெடுப்பு. மூணு ஓட்டுல ஜெயிச்சோம். பெரிய வெற்றி ஒண்ணும் இல்லை, மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் பரிசீலிப்பாங்களாம். ரேடியோ அக்காவுக்கு வந்த நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டாங்க. நான் இப்போ பின் வரிசையிலயும் ஓரத்து சீட்டு.

இப்போ வீட்டு விஷயம். உங்க பொண்ணு எல்லாத்தையும் டிவியிலதான் பாத்தா. நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும் சம்பந்தி. வெளி ஆளுகிட்டல்லாம் போய் நின்னு சொன்னீங்க, அவகிட்ட சொல்லலை. பத்து நாளா அவ சரியா பேசறதில்லை, என்கிட்டயும்தான், எனக்கும் தெரியும்னு கண்டுபிடிச்சுட்டா. சமையல்கட்டுல பாத்திரம் விழற சத்தம் மட்டும் கேக்குது. உங்க போனை எடுக்கலைன்னு தெரியும். விடாதீங்க.

எனக்கும் உங்க மேல கோவம் போகலை. போகும்போது சொல்றேன்.

சம்பந்தி


மார்ச் 30

சம்பந்தியம்மாவுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. பதவி நீக்கம். நியாயம்தான். அறையை ரேடியோ அக்காவிடம் ஒப்படைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு, “அன்னைக்கே நான் கேட்டிருக்கணும் சார்” என்றார். என் பொய்யை அவரும் சுமந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்று மத்தியானம் என் மகள் வந்தாள். நீங்கள் அனுப்பினீர்களா, தானாக வந்தாளா என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்த் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன்ப்பா மறைச்சீங்க?” என்று கேட்டாள்.

உங்களுக்கு எழுதியதையே அவளிடமும் சொன்னேன். உன் கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்தேன், உனக்காகத்தான் என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. “என் தலையில போடாதீங்கப்பா” என்றாள். “ஒண்ணரை வருஷமா நான் சந்தோஷமா இருந்ததுக்கெல்லாம் அந்தம்மாதான் விலைன்னு நினைச்சுக்கிட்டு நான் எப்படி இருப்பேன்? கல்யாணம் நின்னா நின்னிருக்கும். என்னைக் கேட்டீங்களா? நீங்க பயந்தது உங்க பேருக்கு. அதைச் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

கமிட்டியில் சத்தியம் செய்து சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்த அறையில் ஒரு தவறும் செய்யாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. “ஆமா” என்றேன். “என் பேருக்காகத்தான்.”

அவள் தலையை ஆட்டினாள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி நான் எழுதிய கடிதம் உங்கள் பீரோவில் இருக்கிறது. அதில், “அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன்” என்று ஒரு வரி வரும். தயவுசெய்து அதைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.

சம்பந்தி